முன்னாள் பதவிக்கு இந்நாள் கூலியா?

வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைக் காவலர்கள் அழைத்துச் சென்றுவிட்டால், அன்றிரவு அக்குடும்பத்துக்கு ஆலோசனை சொல்ல வருகிறவர்களுக்குப் பஞ்சமிருப்பதில்லை. ஜமாஅத் பொறுப்பாளர் வருவார். பக்கத்துக் கடைக்காரர் வருவார். எப்போதோ ஒருமுறை நீதிமன்றப் படியேறியவர் எல்லாரையும் முந்திக்கொண்டு வருவார். ஆளுக்கொன்று சொல்லும் அவர்கள் அனைவரும் ஒன்றில் மட்டும் உடன்படுவர். "பழைய பி.பி.யைப் பிடியுங்கள், அவர் தலையிட்டால் காரியம் முடிந்தது" என்பதே அது. பி.பி. என்றால் பப்ளிக் பிராசிக்யூட்டர். அரசின் சார்பில் குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞர். அப்பதவியிலிருந்து இறங்கி, இப்போது குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக வாதாடுகிறவரே பழைய பி.பி.

இந்த ஆலோசனையை நாம் கண்டிக்கிறோம். நாமே ஒரு காலத்தில் இதைச் சொல்லியவர்கள் என்பதால், கண்டிக்க வேண்டிய கடமை நமக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். நேற்று அரசுக்காக வாதாடியவர் இன்று கூண்டில் நிற்பவனுக்காக வாதாடுவதைத் துரோகம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோரும் நம்மிடையே உண்டு. "நம் பிள்ளைகளை உள்ளே தள்ளியவரிடமா போவது?" என்று முகஞ்சுளிப்பார்கள். அது அறியாமை. அமர்வு நீதிமன்றத்தில் அரசு வழக்கை நடத்துகிறவர் ஆயுள் முழுதும் அரசு ஊதியம் பெறும் உத்தியோகஸ்தர் அல்லர். குறைந்தது 7 ஆண்டுகள் தொழில் நடத்திய வழக்கறிஞர்களின் பெயர்களை மாவட்ட ஆட்சியர், அமர்வு நீதிபதியைக் கலந்து பட்டியலிட, அதிலிருந்து அரசு நியமிக்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இதைச் சொல்லிற்று. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பெயர் நம் ஊர் நாவுக்கு இன்னும் வசப்படவில்லை) தன் 18ஆம் பிரிவில் ஏறத்தாழ அதையே சொல்கிறது. நடுவர் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர்கள் வேறு. அவர்கள் தேர்வெழுதி நிலையான பணிக்கு வருகிறவர்கள். நாம் பேசுவது முன்னவர்களைப் பற்றி. அவர்கள் தனித்தொழிலிலிருந்து வந்தவர்கள். பதவி முடிந்தால் தனித்தொழிலுக்கே திரும்புவார்கள். அதில் குற்றம் என்ன?

உயர் நீதிமன்றத்தில் நிரந்தர நீதிபதியாயிருந்தவர் ஓய்வுக்குப் பின் அதே நீதிமன்றத்தில் வாதாடலாகாது என்று அரசியல் சட்டத்தின் 220ஆம் உறுப்பு தடுக்கிறது. உச்ச நீதிமன்ற நீதிபதியாயிருந்தவர் இந்நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாகாது. அரசு வழக்கறிஞருக்கு அரசியல் சட்டம் அத்தகைய தடை எதையும் விதிக்கவில்லை. தாம் அரசுக்காகக் கையாண்ட அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு மாறலாகாது என்று மட்டும் பார் கவுன்சிலின் விதி தடுக்கிறது. மற்றபடி கதவு திறந்தே இருக்கிறது. அக்கதவின் வழியே அவர் எதைக் கையில் கொண்டு வெளியே வருகிறார், நாம் அவரிடம் எதை விலைக்குக் கேட்கிறோம் என்பதே நம் வழக்கு.

நீதிமன்றத்தில் புழங்கும் சொற்கள் பல நம் மதரஸா மாணவனுக்குப் பழக்கமானவை. ஆஜர் என்பது ‘ஹாளிர்’. மகஜர் என்பது ‘மஹ்ளர்’. ஜாமீன் என்பது ‘ளாமின்’, அதாவது பொறுப்பேற்று நிற்கும் மனிதன். அரபியில் ஆளைக் குறித்த சொல் நம் வழக்கில் அவனால் கிடைக்கும் விடுதலையைக் குறிக்கலாயிற்று. வக்கீல் என்ற சொல்லோ உருமாறாமலே நிற்கிறது. தன் காரியத்தை ஒருவன் எவரிடம் ஒப்படைக்கிறானோ அவரே வகீல். வக்காலத்து என்று நாம் கையொப்பமிட்டுக் கொடுக்கும் தாள் அந்த ஒப்படைப்பின் சாட்சி. ஃபிக்ஹு நூல்களில் வகாலத்துக்கென்றே தனிப் பாடம் உண்டு. வகீல் அமானிதக்காரர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதில் அலட்சியம் செய்தால் அதற்குப் பொறுப்பாளி என்று அங்கே ஓதிக்கொடுக்கிறோம். ஒப்படைக்கப்படுவது காரியம், அதைப் பெற்றுக்கொள்வது அவருடைய உழைப்பும் கவனமும். அவர் முன்னர் அமர்ந்திருந்த நாற்காலி அந்தத் தாளில் எங்கும் எழுதப்படுவதில்லை.

ஆனால் நம்மவர்கள் விலை பேசுவது அந்த நாற்காலியைத்தான். இன்ஸ்பெக்டர் அவருக்கு வணக்கம் சொல்வார், இப்போதைய பி.பி. அவர் சொல்லைத் தட்டமாட்டார். நீதிபதிக்கு அவர் முகம் தெரியும். இம்மூன்றுக்கும் சேர்த்தே மற்ற வழக்கறிஞரினும் இருமடங்கு கூலி கொடுக்கப்படுகிறது.

இந்தக் கணக்கு அதன் சொந்த வழியிலேயே தப்பு என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் ஏன் ‘பழைய’ பி.பி. ஆனார்? பெரும்பாலும், ஆட்சி மாறியதால். ஆட்சி மாறினால் மாவட்டந்தோறும் அரசு வழக்கறிஞர்களும் மாறுவதை நாம் அறிவோம். இந்நியமனங்கள் தகுதியின்படி நடைபெற வேண்டும், கட்சிச் சலுகையாய் நடைபெறலாகாது என்று பஞ்சாப், அரியானா மாநிலங்கள் தொடர்பான வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திற்று. அவ்வாறு வலியுறுத்த வேண்டியிருந்ததே நிலைமையைக் காட்டும். அப்படியானால் இன்று அந்த நாற்காலியில் இருப்பவர் யார்? பழையவருக்கு வேண்டாதவர்களால் அமர்த்தப்பட்டவர். பலமுறை, அவருக்கே போட்டியாயிருந்தவர். அவரிடம் போய் இவர் சிபாரிசு செய்வார் என்று நம்பி நகையை அடகு வைக்கிறோம்! நீதிபதிகளோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாற்றப்படுகின்றனர். அமர்வு வழக்கு ஒன்று ஒரே நீதிபதியின் முன் தொடங்கி அவர் முன்பே முடிவது நம் மாவட்டங்களில் அரிது. முகம் தெரிந்தவர் போய்விடுவார், வழக்கு நிற்கும்.

சரி, செல்வாக்கு உண்மையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடும் குற்றம் சாட்டப்பட்டவன் ஜாமீன் கேட்கும்போது அரசு வழக்கறிஞருக்கு அறிவிப்புக் கொடுத்து அவர் சொல்வதையும் நீதிமன்றம் கேட்கிறது. அவர் கடுமையாக எதிர்த்தால் கதவு இறுகும், எதிர்க்காவிட்டால் நெகிழும். ஆகவே அவரை எதிர்க்காமலிருக்கச் செய்வதே நம்மவர் தேடும் வழி. இங்கே நாம் கேட்கிறோம்: அவருடைய எதிர்ப்பு நியாயமானதா, அல்லவா? நியாயமானதென்றால், அதைச் சலுகையால் அகற்றுவது மருத்துவமனையில் கிடக்கும் இன்னொரு தாயின் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. அதற்குக் கொடுக்கப்படும் பணத்தைக் கட்டணம் என்று ரசீதில் எழுதினாலும் அது கைக்கூலிதான். எதிர்ப்பு நியாயமற்றதென்றால், அதை நீதிபதியின் முன் எடுத்துக்காட்டி முறியடிக்க அறிவுள்ள எந்த வழக்கறிஞரும் போதுமே. முன்னாள் நாற்காலி எதற்கு?

நாம் சொல்லியிருந்த அந்தப் பழைய சங்கதிக்கு வருகிறோம். ஏழெட்டு ஆண்டுகள் இருக்கும். நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவன். தகப்பனார் இல்லை, உம்மாவும் மாமாவும்தான். ஒரு திருமண வீட்டில் எழுந்த வாய்ச்சண்டை தெருவில் கைகலப்பாகி, ஒருவருக்குத் தலையில் பலத்த அடி. எழுவர் மீது கொலை முயற்சி வழக்கு. ஆறாவது பெயர் நம் மாணவனுடையது. மறுநாள் காலை அந்த அம்மாள் வாசற்படியில் நின்று, "ஹஜ்ரத், யாரிடம் போகலாம்? நீங்கள் சொன்னால் அங்கேதான் போவோம்" என்றார். நாம் சட்டம் படித்தவரல்லர். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரார் சொன்னதையே நாமும் சொன்னோம். சொன்னதோடு நில்லாமல் மாமாவுடன் கூடவே போனோம்.

வாசலில் பெரிய பலகை. பெயரைவிடப் பெரிய எழுத்தில் ‘முன்னாள் அரசு வழக்கறிஞர்’ என்றிருந்தது. உள்ளே சென்றதும் அவர் எந்தத் தாளையும் கேட்கவில்லை. எந்தக் காவல் நிலையம் என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் பெயரைக் கேட்டார். கேட்டுவிட்டு, "நம்ம ஆள்தான்" என்றார். அந்தச் சொல்லுக்காகவே ஒன்றரை லட்சம் ரூபாய் பேசப்பட்டது. அம்மாளின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. பிள்ளை சிறையில், சிறை அலுவலர் சான்றொப்பமிட்ட வக்காலத்தில் கையொப்பமிட்டான். தனக்காக ஆஜராகப் போகிறவர் யார் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22ஆம் உறுப்பு கைதானவனுக்குத்தான் தருகிறது. அவன் தாய்மாமனுக்கோ உஸ்தாதுக்கோ தரவில்லை. அன்று அது நமக்கு உறைக்கவில்லை.

அடிபட்டவர் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார் என்ற காரணத்தால் ஜாமீன் மனு இருமுறை தள்ளுபடியாயிற்று. அதில் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. பின்னர் நடந்ததுதான் நம் நெஞ்சை அறுக்கிறது. சட்டத்தில் ஒரு நாட்கணக்கு உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவனை நீதிமன்றக் காவலில் வைத்தபின், கொலை முயற்சி போன்ற கடும் குற்றமாயின் 90 நாட்களுக்குள், மற்றவையாயின் 60 நாட்களுக்குள், புலனாய்வை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால், குற்றம் எத்தன்மையதாயினும், ஜாமீன் கொடுக்க ஆயத்தமாயிருப்பவனை விட்டேயாக வேண்டும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தாலும் அது அவனுடைய உரிமை. ஆனால் அதை அவன் கேட்க வேண்டும். கேட்பதற்குமுன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடும். பழைய சட்டத்தின் 167ஆம் பிரிவிலும் புதியதின் 187ஆம் பிரிவிலும் இருக்கும் இக்கணக்கை அரசு வழக்கறிஞராயிருந்தவர் அறியாமலிருக்க முடியாது. காவல் நிலையங்கள் அந்த நாளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலையாய் இருந்ததல்லவா?

90ஆம் நாள் கடந்தது. குற்றப்பத்திரிகை வரவில்லை. மாமா ஓடிப்போய்க் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "இப்போது மனுப் போட்டால் இன்ஸ்பெக்டர் முகம் கோணும். பேசியிருக்கிறேன். இரண்டு நாள் பொறுங்கள், எதிர்ப்பில்லாமலே ஜாமீன் வரும்." பொறுத்தோம். 94ஆம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. நம் மாணவன் இன்னும் ஐந்து மாதம் சிறையில் இருந்தான். அயல்நாட்டில் அவனுக்குக் காத்திருந்த வேலை அந்த ஐந்து மாதத்தில் வேறொருவனுக்குப் போயிற்று.

அந்த வழக்கறிஞர் பொய்யர் என்றோ, பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றினார் என்றோ நாம் சொல்லவில்லை. உண்மையிலேயே பேசியிருப்பார், இன்ஸ்பெக்டரும் தலையசைத்திருப்பார். தம் அறிமுகத்தை அவரே நம்பினார் என்பதுதான் கேடு. வாங்க வந்தவன் அறிமுகத்துக்கு விலை கொடுத்தான். விற்றவர் அறிமுகத்தையே விற்றார். நாட்காட்டியை எவரும் பார்க்கவில்லை. அந்த இன்ஸ்பெக்டருடன் உறவு கெட்டால் நாளை அடுத்த கட்சிக்காரனுக்கு எதைச் சொல்லி அவர் விலை பேசுவார்? அறிமுகத்தை மூலதனமாகக் கொண்டவர் அதைச் செலவழிக்க அஞ்சுவார். நம் பிள்ளைக்காக மோத வேண்டிய இடத்தில் மோதமாட்டார்.

பின்னர் மாமா வேறொருவரிடம் வழக்கை மாற்றினார். இம்முறை நாம் வாய் திறக்கவில்லை. அவர் வாசலில் பெயரும் படிப்பும் மட்டும் எழுதிய சிறு பலகை. முதல் நாளே, "தாள்களைக் கொடுங்கள், வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை சென்றபோது நூற்றுச் சொச்சம் பக்கங்களிலும் பென்சில் கோடுகள். முதல் தகவல் அறிக்கை இரவில் பதிவானதாகக் காட்டப்பட்டிருந்தது. கூப்பிடு தூரத்திலிருந்த நடுவர் நீதிமன்றத்தை அது அடைந்ததோ மறுநாள் மாலையில். இடைப்பட்ட நேரத்தில் பெயர்கள் கூடினவா என்று பக்கவாட்டில் குறித்திருந்தார். அடிபட்டவர் மருத்துவமனைக்கு வந்தவுடன் மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டில், தெரிந்த மூன்று பேர் தாக்கியதாக இருந்தது. மூவர் எப்படி எழுவரானார்கள்? காவலர் எழுதிய சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஐந்தும், இடையில் வரும் பிழை உட்பட, ஒரே வாசகத்தில் இருந்தன. கம்பைக் கைப்பற்றியதாகக் கூறும் மகஜரில் வழக்கம்போல் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிகள்.

"இதையெல்லாம் எப்படி இவ்வளவு விரைவாகக் கண்டுபிடித்தீர்கள்?" என்று மாமா வியந்து கேட்டார். அவர் சிரித்து, "ஆறு வருஷம் இந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தவன் நான்தானே!" என்றார். அவரும் பழைய பி.பி.! அதுவரை நமக்கு அது தெரியாது, அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

முன்னாள் அரசு வழக்கறிஞரிடம் பெறத்தக்க பொருள் இதுதான். குற்றப்பத்திரிகை என்னும் கட்டடம் எப்படி எழுப்பப்படுகிறது, எந்தச் செங்கல் எங்கே இரவல் வாங்கி வைக்கப்படுகிறது என்பதை உள்ளே நின்று பார்த்தவர் அவர். காவலரிடம் கூறியதாக எழுதப்பட்ட வாக்குமூலத்தை அரசுத் தரப்பு ஆதாரமாக்க இயலாது, ஆனால் சாட்சி கூண்டில் மாற்றிச் சொன்னால் அம்முரண்பாட்டை எடுத்துக்காட்ட எதிர்த்தரப்பு அதைப் பயன்படுத்தலாம் என்பது எல்லா வழக்கறிஞரும் படித்த சட்டந்தான். எந்தச் சாட்சி எந்தக் கேள்வியில் தடுமாறுவான் என்பது படித்து வருவதன்று. தம் சாட்சி தடுமாறியபோது எதிர்ப்பக்கத்தில் அமர்ந்து வியர்த்தவருக்கே அது தெரியும். இந்த அறிவுக்குக் கூலி கேட்கட்டும், இருமடங்கே கேட்கட்டும், கொடுப்பது நியாயம். எந்தத் தனி வழக்கின் இரகசியமும் அதில் இல்லை. எவருடைய அமானிதமும் அதில் விற்கப்படவில்லை.

நான்காண்டு கழித்து நம் மாணவன் விடுதலையானான். அந்தப் பதிவேடு ஒன்றினாலேயே என்று சொல்லமாட்டோம்; பிறழ்ந்த சாட்சிகளும் உண்டு.

அறிமுகம் எவ்வளவு தூரம் செல்லும், தாள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்க நாட்டு வழக்கொன்று நம் நினைவுக்கு வருகிறது. பழைய பிராசிக்யூட்டரை எதிர்வாதத்துக்கு அமர்த்தும் வழக்கம் அங்கே மிகப் பெரிது. ஜானி காக்ரன் என்ற கறுப்பின வழக்கறிஞரை, 1995இல் சிம்சன் வழக்கில் வென்றவர் என்று உலகம் அறியும். அவர் இளைஞராயிருந்தபோது, கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஜெரோனிமோ பிராட்டுக்காக ஒரு கொலை வழக்கில் வாதாடினார். 1972இல் பிராட் தண்டிக்கப்பட்டார். பிராட் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கூறிய ஜூலியஸ் பட்லர் என்பவனே முக்கிய சாட்சி. தான் காவல்துறைக்குத் துப்புக் கொடுக்கும் ஆள் அல்லன் என்று அவன் மறுத்திருந்தான். 1978இல் காக்ரன் அதே லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் மூன்றாம் நிலையில் உயர் பதவியேற்றார். சில ஆண்டுகளில் அதைவிட்டு மீண்டும் எதிர்வாதத்துக்கே திரும்பினார். அந்த அலுவலகத்தில் அவர் அறியாத முகமில்லை. பிராட்டின் கதவு அதனால் திறக்கவில்லை. பட்லர் துப்பாளி என்பதைக் காட்டும் குறிப்பட்டைகள் அந்த அலுவலகத்தின் கோப்புகளிலேயே இருந்தன. அவை வெளிப்பட்ட பின்னர், அரசுத் தரப்பு இதை மறைத்தது என்று கூறி 1997இல் நீதிமன்றம் தண்டனையை நீக்கிற்று. அதற்குள் பிராட் சிறையில் 27 ஆண்டுகளைக் கழித்துவிட்டார். அந்தக் கட்டடத்திலேயே உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தவரால் முடியாததைச் சில அட்டைத் துண்டுகள் முடித்தன.

குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குச் சாதகமானதை மறைத்தல் நம் நாட்டு விதிகளின்படியும் குற்றமே. அரசுத் தரப்பில் ஆஜராகும் வழக்கறிஞர், நிரபராதி தண்டிக்கப்படாதவாறு வழக்கை நடத்த வேண்டும், அவனுடைய குற்றமின்மையைக் காட்டக்கூடியதை மறைக்கலாகாது என்று பார் கவுன்சில் விதித்திருக்கிறது. எப்படியேனும் தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் பணியன்று என்பதை உச்ச நீதிமன்றமும் 1999இல் ஒரு தீர்ப்பில் எடுத்துரைத்தது. ஆகவே, "இத்தனை பேரை உள்ளே அனுப்பினேன்" என்று மார்தட்டும் முன்னாள் அரசு வழக்கறிஞரைக் கண்டால் நமக்கு அச்சமே உண்டாகிறது. பதவியிலிருந்தபோது எந்த வழக்கில் காவல்துறையிடம் ‘இதற்கு ஆதாரம் போதாது’ என்று சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்க வேண்டும். பதில் சொல்ல ஒரு வழக்காவது இருக்குமானால், அவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம்.

அந்தப் பலகையைப் பற்றியும் ஒரு சொல். வழக்கறிஞரின் பெயர்ப்பலகை அளவோடு இருக்க வேண்டும், தாம் நீதிபதியாகவோ அட்வகேட் ஜெனரலாகவோ இருந்ததை அதில் காட்டலாகாது என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. அரசு வழக்கறிஞர் என்ற சொல் அங்கே இல்லையென்று வாதிடுவார் இருக்கலாம். அதைவிடப் பெரிய பதவிகளுக்கே தடை இருக்கும்போது சிறிய பதவிக்கு அனுமதி என்று பொருள் கொள்வது எந்த இலக்கணத்தில் சேர்த்தி? விடுதலையானால் இவ்வளவு என்று முடிவைப் பொறுத்துக் கூலி பேசுவதும் விதிகளுக்குப் புறம்பானது. ஊரில் அது நடக்கவில்லை என்று நம்மால் சத்தியம் செய்ய முடியாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க ஒருவரை அனுப்பினார்கள். திரும்பி வந்த அவர், இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். அண்ணலார் மிம்பரில் ஏறி, இவர் தம் தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. பதவியில் இருக்கும்போது பெற்றதைப் பற்றியது. பதவி முடிந்தபின் பெறுவதற்கு அப்படியே பொருந்தும் என்று ஃபத்வா கொடுக்க நாம் துணியவில்லை. ஆனால் அக்கேள்வியை முன்னாள் பி.பி.யின் வாசலில் நின்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அப்பதவியில் அமராமலிருந்தால் இந்தக் கூலி இவரைத் தேடி வருமா? அவருடைய கல்விக்கும் உழைப்புக்கும் வரும் பங்கு எது, பொதுமக்களின் பதவிக்கு வரும் பங்கு எது? கேள்வி வாங்குகிறவருக்கு மட்டுமன்று, கொடுக்கிற நமக்கும் உரியது.

"ஹஜ்ரத், பிள்ளை உள்ளே இருக்கும்போது இந்த ஞாயமெல்லாம் பேச முடியுமா?" என்று கேட்பீர்கள். அந்த அச்சத்தை நாம் இழிவாக எண்ணவில்லை. கைதான வீட்டின் முதல் இரவை நாம் அருகிருந்து பார்த்திருக்கிறோம். அச்சத்தில் இருப்பவன் பெரிய பெயரைத் தேடுவது இயல்பு. அந்த இயல்பின் மீது கடை போடுகிறவர்களையும், அக்கடைக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் ஜமாஅத் பெரியவர்களையும்தான் நாம் சாடுகிறோம். பெரியவர்களே, உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அடகு வைக்க நகையில்லாத வீடுகளுக்கு வேறு வாசல் இருப்பதையாவது சொல்லுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் உண்டு. குற்ற வழக்குகளில் எதிர்வாதம் செய்வதற்கென்றே முழுநேர வழக்கறிஞர்களை அமர்த்தும் திட்டமும் 2022 முதல் பல மாவட்டங்களில் நடப்புக்கு வந்திருக்கிறது. இலவசம் என்பதால் ஏளனம் செய்கிறோம். ஒன்றரை லட்சம் கொடுத்து 90ஆம் நாளைத் தவறவிட்ட நாம்!

இப்போதும் சிலர் நம்மிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். வழக்கறிஞர் பெயர் எதையும் நாம் சொல்வதில்லை. எவரிடம் சென்றாலும் அவர் முதல் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கிறாரா, காவல் நிலையத்தின் பெயரை மட்டும் கேட்கிறாரா என்று பாருங்கள் என்கிறோம். குற்றப்பத்திரிகையின் நகல்களைக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். பிள்ளை நீதிமன்றத்தில் ஆஜரான 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று புதிய சட்டம் வரையறுத்திருப்பதால், அதைக் கேட்டு வாங்குங்கள் என்கிறோம். பின்னர் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பிய தேதியைக் கேட்டு, அதிலிருந்து 60ஆம் நாளையும் 90ஆம் நாளையும் எண்ணி, ஒரு தாளில் எழுதி, அந்த வீட்டுப் பெண்களின் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.